கலப்பைக்கு எடுத்த படம்

அப்பன் உயிரோடு இருக்கும்போதே அப்பனுடைய கலப்பைக்குப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு மகனுக்குத் தோன்றினால், அந்த ஊர் நியாயம் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆறுமுகப்பெருமாளுக்கு அப்படித் தோன்றியது. நாஞ்சில் நாட்டில் அப்போது மருமக்கள் வழி. அப்பன் கண்ணை மூடினால் வீடு, வயல், களம் எல்லாம் அப்பனுடைய சகோதரி மகனுக்கு. பெற்ற மகன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அம்மா பிறந்த ஊருக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். இலவு காத்த கிளியாவது சும்மா உட்கார்ந்து காத்தது. இவன் அத்தனை வருஷமும் உழுதுகொண்டே காத்தான்.

அப்பன் தாணப்ப பிள்ளைக்கு ஒரு வருஷமாகப் படுக்கை. கையும் தலையும் ஓயாமல் நடுங்கின. வயலைப் பற்றி அப்பனும் மகனும் பேசியதே இல்லை. பேசி என்ன ஆகப்போகிறது? ஆனால் உழவுச் சாமான்கள் வேறு. கலப்பைகள், நுகம், வயலைச் சமன்படுத்தும் பரம்பு மரம், மம்பட்டிகள், சக்கடா வண்டி, எல்லாம் தாணப்ப பிள்ளை தன் வாலிபத்தில் தன் உழைப்பில் சம்பாதித்துச் செய்தவை. குடும்பச் சொத்து அல்ல. உயிரோடு இருக்கும்போதே கையில் கொடுத்தால் மகனுக்கு; கொடுக்காமல் போனால் அவையும் மருமகனுக்கு. அவற்றை மகனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது கிழவரின் ஒரே ஆசை. சாமான் கையில் இருந்தால் மாமன் ஊரில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு நிலம் பிடித்து மானமாக உழலாம். இல்லாவிட்டால் ஆறுமுகப்பெருமாள் கூலிக்காரன்.

எழுதி வைக்கலாமே என்பீர்கள். கையெழுத்துப் போட விரல் நிற்க வேண்டாமா? பெருவிரல் ரேகை வைத்தால், நினைவில்லாத மனுஷன் விரலைப் பிடித்து அமுக்கினான் என்று பொன்னுலிங்கம் சொல்லிவிடுவான். பொன்னுலிங்கம்தான் அத்தை மகன். நாளைக்கு எல்லாவற்றுக்கும் உடையவன். மகனுக்கும் பங்கு கிடைக்கும்படி புதுச் சட்டம் வரப்போகிறது என்று நாகர்கோவில் போய் வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சட்டம் வரட்டும், யமன் அதுவரை பொறுத்திருப்பானா?

அதனால்தான் ஆறுமுகப்பெருமாள் தக்கலைக்குப் போய், படம் எடுக்கும் ஞானதாசனைப் பார்த்தான்.

"அப்பா சாமானை என் கையிலே தாற மாதிரி ஒரு படம் வேணும். நாளைக்கு நாலு பேரு மத்தியிலே காட்டணும்."

"படத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது, பிள்ளைவாள். மனுஷன் நாக்குப் புரளும், ரேகையைக் கூட மாத்துவான். படத்தை மாத்த முடியாது" என்றார் ஞானதாசன். எப்போது எடுக்கலாம் என்று கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. "மார்கழி, தையிலே உங்க பக்கம் காலம்பற நல்ல மூடுபனி இறங்குமே, அப்போ எடுப்போம்."

"வெயில் வந்த பொறவு எடுத்தா ஆகாதா?"

"வெயிலிலே எவன் வேணும்னாலும் எடுப்பான்."

விஷயம் இதுதான். மிஷன் பங்களாச் சுவரில் ஞானதாசன் ஒரு படம் பார்த்திருந்தார். சீமையில் எங்கோ ஒரு வயல். கண்ணுக்கெட்டிய தூரம் உறைபனி. நடுவில் ஒரு பழைய கலப்பையும் சக்கரம் சரிந்த வண்டியும், வெள்ளையில் கரியால் வரைந்தது போலக் கிடந்தன. அன்று பிடித்த பித்து. அப்படி ஒரு படம் எடுக்காமல் சாவதில்லை என்று இருந்த மனுஷனுக்கு, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாகத் தோன்றியது. ஆறுமுகப்பெருமாளின் அவசரம் என்ன, இவர் ஆசை என்ன? ஆனால் படக்காரர் சொல்லும்போது உழுகிறவன் என்ன எதிர்ப்பேச்சுப் பேசுவான்? தலையாட்டிவிட்டு வந்தான்.

தை பிறந்த மறு வாரம், விடிந்தும் விடியாத நேரத்தில் களத்தில் சாமான்களை வரிசையாகக் கிடத்தினான். வேளிமலை இருந்த திசையே தெரியவில்லை. பத்தடி தள்ளி நின்ற வைக்கோல் படப்பும் தெரியவில்லை. கறுத்துப்போன பழைய மரச் சாமான்கள் மட்டும் அந்த வெள்ளையில் பளிச்சென்று கிடந்தன. அப்பனுக்கு வெள்ளை வேட்டி கட்டி, வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, தோளில் சுமந்து வந்து நிறுத்தினான். தானும் வெளுத்த வேட்டி, துண்டு. நல்ல காரியத்துக்கு வேறெதைக் கட்டுவது?

"வெளிச்சம் கம்மி. கொஞ்ச நேரம் அசையாம நிக்கணும், கேட்டியளா" என்று சொல்லிவிட்டு ஞானதாசன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

தாணப்ப பிள்ளை கலப்பையின் கைப்பிடியான மேழியைப் பிடித்து மகன் கையில் வைத்தார். "வச்சுக்கோ மக்கா. உனக்குள்ளது" என்றார். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு வெகு நேரம் பிடித்தது. குளிரில் நடுக்கம் கூடிவிட்டது. தலை இடமும் வலமும் ஆடியது. ஆறுமுகப்பெருமாள் ஒரு கையால் மேழியையும் மறு கையால் அப்பனையும் பிடித்துக்கொண்டான். பிடித்த கையோடு அவன் உடம்பும் ஆடியது. அழுகை வந்தது, அடக்கினான். அதில் தோள் குலுங்கியது. கலப்பை மட்டும் அசையவில்லை. அதற்கென்ன, மண்ணில் ஊன்றி வைத்திருந்தான்.

"ஆச்சு" என்றார் ஞானதாசன். வெயில் வந்ததும் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று ஆறுமுகப்பெருமாள் கேட்க வாயெடுப்பதற்குள் கிழவர் கால் மடங்கிச் சரிந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

அந்தப் பனி நெஞ்சில் கட்டிக்கொண்டது. காய்ச்சலும் இரைப்புமாகக் கிடந்து, மாசி பிறந்ததும் தாணப்ப பிள்ளை போய்ச் சேர்ந்தார். பாவி, நானே அப்பனைப் பனியில் நிறுத்திக் கொன்றேனே என்று ஆறுமுகப்பெருமாள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அம்மா கோமளவல்லிதான் அவனைப் பிடித்து நிறுத்தினாள்.

"அழாத மக்கா. அவுக நெனச்சதைச் செஞ்சுட்டுத்தானே போனாக. படம் இருக்குல்லா?"

இருந்தது. படம் பிரமாதமாக விழுந்திருக்கிறது, பதினாறாம் நாள் நானே கொண்டுவருகிறேன் என்று ஞானதாசன் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பி, மாமனின் மாடுகளைப் பூட்டி, சாமான்களையெல்லாம் சக்கடா வண்டியில் ஏற்றி மாமன் ஊருக்குக் கொண்டுபோய் வைத்தான். வைத்த கையோடு பாட்டத்துக்கு நிலமும் பேசிவிட்டான்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். பொன்னுலிங்கம் கத்தவில்லை, அடிக்க வரவில்லை. "அத்தானுக்கு வேணும்னா கேட்டிருக்கலாம். மாமா சாமானைச் சொல்லாம வண்டியேத்தினது முறையா?" என்று மட்டும் கேட்டான். முறை தெரிந்தவனுக்குக் கத்த என்ன தேவை?

"சொல்லாம எடுக்கல்ல. அப்பா தந்தது. படம் இருக்கு" என்றான் ஆறுமுகப்பெருமாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னான்.

ஞானதாசன் துணியைப் பிரித்து, கண்ணாடி போட்ட படத்தைப் பெரியவர் ஐயப்பன் பிள்ளையிடம் கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு படம் அந்த ஊர் பார்த்ததில்லை. ஒரே வெண்மை. அதில் கலப்பையும் நுகமும் வண்டிச் சக்கரமும், மரத்தின் ரேகை கூட எண்ணலாம் போல. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

ஐயப்பன் பிள்ளை படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

"சாமான் எல்லாம் இருக்கு. நீ எங்க டேய்?"

ஆறுமுகப்பெருமாள் அப்போதுதான் முதல் முறையாக அந்தப் படத்தைப் பார்த்தான். மேழிக்குப் பக்கத்தில் சாம்பலை விரலால் இழுத்தது போல இரண்டு கறை. முகம் இல்லை, கண் இல்லை, கை இல்லை. வெள்ளை வேட்டியும் துப்பட்டியும் வெள்ளையோடு வெள்ளையாகப் போயிருந்தன.

"இது நான். இது அப்பா" என்று தொட்டுக் காட்டினான்.

"இதையா தாணப்பன்னு சொல்லுக?" என்றார் ஐயப்பன் பிள்ளை.

ஞானதாசனுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. "அவங்க ரெண்டு பேரும் நின்னாங்க, ஐயா. அசைஞ்சதாலே விழல்ல. நான் கண்ணாலே பார்த்தேன். சத்தியமாச் சொல்லுதேன்."

"படத்துக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு தக்கலை முழுக்கச் சொல்லிட்டு நடக்கது நீரு தானே வே? இப்போ உம்மை நம்பவா, உம்ம படத்தை நம்பவா?" என்று மடக்கினார் ஐயப்பன் பிள்ளை.

ஞானதாசன் படம் சுற்றி வந்த துணியை மடிக்கத் தொடங்கினார். தன் வாயால் கெடுவது தவளை மட்டுமா?

பொன்னுலிங்கம் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தான். "இது குடும்பக் களம். சாமான் எல்லாம் களத்திலே கிடக்கு. குடுக்கவனும் இல்ல, வாங்குகவனும் இல்ல. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை. அதுதான் கொடுமை.

மறுநாள் ஆறுமுகப்பெருமாளே சாமான்களைத் திருப்பி ஏற்றிவந்து இறக்கினான். கலப்பையைக் கடைசியாகத் தோளில் வைத்து உள்ளே கொண்டுபோனான். பொன்னுலிங்கம் பக்கத்தில் வந்து, "எங்க போவ நீ? சித்திரையிலே உழவுக்கு வா. உனக்குப் பழக்கமான கலப்பைதானே" என்றான். மனம் இரங்கித்தான் சொன்னான். ஆறுமுகப்பெருமாள் போனான். போகாமல் சோறு எங்கிருந்து வரும்?

அந்தக் கொல்லம் ஆண்டு முடிவதற்குள் சட்டம் வந்தது. மகனுக்கும் பங்கு உண்டு என்றது. இனி சாகப்போகும் அப்பன்மார்களுக்கு.

இரண்டு வருஷம் கழித்து, பொன்னுலிங்கத்தின் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆறுமுகப்பெருமாள் தக்கலைக்குப் போயிருந்தான். ஞானதாசனின் கடை முகப்பில், கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் படம் பெரிதாகத் தொங்கியது. நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்த ஞானதாசன் இவனைக் கண்டதும் குனிந்துகொண்டார்.

"என்ன அழகு பாத்தியளா. நம்ம ஊர்க் கலப்பை மாதிரியே இருக்கு" என்றார் ஒருவர்.

"நம்ம ஊரிலே ஏது ஓய் இப்படி உறைபனி? இது சீமையிலே எடுத்தது" என்றார் இன்னொருவர். பிறகு, பக்கத்தில் நின்ற ஆறுமுகப்பெருமாளைப் பார்த்தார். "நீ உழுகவன் தானே, சொல்லு பாப்போம். இது சீமைக் கலப்பை தானே?"

ஆறுமுகப்பெருமாள் மேழிக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கறைகளையும் பார்த்தான்.

"ஆமா, சீமைதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை அவிழ்க்கப் போனான்.