பத்தொன்பது நாள்

மே மூன்றாம் தேதி அந்த ஊர்க் கொத்தனார்களின் திருநாள். கட்டுகிற வீட்டின் உச்சியில் பூச்சுற்றிய சிலுவையை நட்டுவிட்டு, வீட்டுக்காரர் செலவில் வயிறு முட்டத் தின்பார்கள்; அதைவிட முட்டக் குடிப்பார்கள். எலெயுத்தேரியோ மட்டும் சோடா பாட்டிலோடு மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கென்ன பயம்? சட்டைப்பையில் சத்தியச் சீட்டு இருக்கிறதே!

குவாதலூப்பே மாதாவின் முன் மண்டியிட்டு, இன்ன தேதிவரை குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால் பாதிரியார் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதை நீட்டியவனை எப்பேர்ப்பட்ட குடிகாரனும் வற்புறுத்த மாட்டான். மாதாவோடு யார் மல்லுக்கு நிற்பது? அவன் நீட்டுவான், எவனும் படிக்க மாட்டான். கூத்து என்னவென்றால், அவனே படித்ததில்லை. சத்தியம் செய்த அன்று போதையில் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை; மனைவிதான் கோயிலுக்கு இழுத்துப்போயிருந்தாள். ஒரு வருடம் என்றே நம்பிக்கொண்டிருந்தான்.

கூட வேலை செய்யும் ஃபுல்ஹென்சியோ விளையாட்டாகச் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தான்.

"அடப்பாவி மச்சான்! ஆறே மாசம்தான்டா! ஏப்ரல் பதினாலோட முடிஞ்சு போச்சு. பத்தொன்பது நாளா சும்மா காய்ஞ்சுகிட்டு கெடக்கியே!"

எல்லோரும் ஹோவென்று கத்தினார்கள். யாரோ அவன் கையில் மெஸ்கால் சாராயக் கோப்பையைத் திணித்தார்கள். வாசனை ஏறியதும் நாக்கில் எச்சில் ஊறியது, வெட்கங்கெட்ட நாக்கு!

ஆனால் அவனுக்குத் தலை சுற்றியது. போன வாரம் சொந்த அண்ணனைப் புதைத்துவிட்டு வந்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தானே. மாதா சட்டையைப் பிடித்து நிறுத்துகிறாள் என்றல்லவா நினைத்தான்? அப்படியானால் அன்று நிறுத்தியது யார்? அவனேதானா? அப்படி ஓர் ஆளை அவனுக்குத் தெரியவே தெரியாது.

சோளரொட்டிக் கூடையோடு வந்த மனைவி தொமித்தீலா கோப்பையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆறு மாசம்னு பாதிரியார்கிட்ட சொன்னது நீதானே?" என்றான் எலெயுத்தேரியோ.

"ஆமாய்யா. ஒரு வருஷம்னு சொல்லி நீ பாதியில ஒடைச்சிட்டா, அந்தப் பாவம் வேற சேருமேன்னு பயந்தேன்."

"முடிஞ்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொன்னா அன்னிக்கே போயிடுவியோன்னு வாயைத் தெறக்கல. தெனம் நீ வீட்டுக்குள்ள வர்றப்ப மொதல்ல உன் மூச்சைத்தான் மோந்து பார்ப்பேன்."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அவள் நம்பவில்லையே என்று கோபமா? நம்பாததில் என்ன தப்பு, அவனே அவனை நம்பியதில்லையே! குடித்தால் இன்று யாரும் கேட்க முடியாது, மாதா உட்பட. அதுதான் அவனை நடுங்க வைத்தது.

"குடி மச்சான், யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றான் ஃபுல்ஹென்சியோ.

எலெயுத்தேரியோ கோப்பையை மனைவியின் கையில் வைத்தான். பாதி மணலில் சிந்தியது.

"எனக்கு வேணாம்" என்றான்.

"ஏன்டா? அதான் சத்தியம் முடிஞ்சிருச்சே?"

"தெரியலடா. கேக்காத, எனக்கே தெரியல" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் நடுவிலும் ஓவென்று அழுதான்.