சலவைத் தராசில் ஆறு பேர்

“எங்கேயாவது போலாமாங்க?”

“போலாமே! அக்காகிட்ட சொல்லிடறேன்.”

கல்யாணமான வாரத்தில் நடந்த பேச்சு இது. ‘நாம ரெண்டு பேர் மட்டும்’ என்று சொல்ல வந்ததைப் புதுப்பெண் வெட்கத்தில் விழுங்கிவிட்டாள். விளைவு, ஒரு வேன் நிறைய ஆட்களோடு தேனிலவு நடந்தது. ஜன்னலோரம் மணப்பெண், நடுவில் நாத்தனார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை. மகள் பிறந்து, வளர்ந்து, வேலை கிடைத்து வெளியூரே போய்விட்டாள். விழுங்கியது மட்டும் இன்னும் தொண்டையிலேயே இருந்தது.

கணவர் கெட்டவரா என்றால் இல்லை, தங்கமானவர். தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அக்கா. அவள் இல்லாமல் ஒரு நல்லது நடக்கக்கூடும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. நாத்தனாரும் வெள்ளை மனசுக்காரி. கோபப்பட ஒரு காரணமாவது கொடுத்திருந்தால் இவளுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

நாளெல்லாம் சலவைக் கடையில் இஸ்திரி மேஜைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர். ஆனால் நீராவி சீறும், வாசல் மணி அடிக்கும், பேச்சு காலர் கறையைத் தாண்டாது. அப்படி ஒரு மத்தியானம்தான் போனில் அந்தப் படத்தைப் பார்த்தாள். ஆப்பிரிக்காவின் தெற்கே, கடலுக்குப் போகாமல் மணலிலேயே பரந்து நின்றுவிடும் ஓர் ஆறு. கரையில் கூடாரம். வாசலில் இரண்டே நாற்காலி. எதிரே யானைக் கூட்டம் தண்ணீர் குடிக்கிறது.

“இங்க போலாமாங்க?”

அவர் முகம் மலர்ந்தது. “போலாமே!”

மீதியைச் சொல்லவும் வேண்டுமா? அந்த வாரமே ஆள் ஆறானது. இவர்களோடு நாத்தனார், அவள் கணவர், கல்லூரியில் படிக்கும் இரட்டைப் பெண்கள். கடையின் பின்னறையில் தினமும் மாநாடு. நீலமும் கறுப்பும் உடுத்தினால் ஒரு வகை ஈ தேடி வந்து கடிக்கும் என்று தெரிந்ததும் இரட்டையர் அலமாரியில் பாதி கழிந்தது.

கூடாரம் வரை சாலை கிடையாது, குட்டி விமானம்தான். ஒவ்வொருவர் எடையையும் முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருந்தார் பயண ஏற்பாட்டாளர்.

“நம்ம தராசு இருக்கே!” என்றார் கணவர். துணி நிறுக்கும் மேடைத் தராசில் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

நாத்தனார் கணவர் குனிந்து எண்ணைப் பார்த்தார். “பாத்தீங்களா! இளைச்சிட்டேன்னு சொன்னா யாராவது நம்பினீங்களா?”

“ஆமா, சிங்கம் பாத்துட்டு இதுல கறியே இல்லன்னு போயிடும்” என்ற நாத்தனாருக்கு, தான் ஏறியபோது சிரிப்பு காதுவரை போனது. எடைகள் அன்றே போனில் பறந்தன.

மறுநாள் அழுக்குத் துணியை நிறுக்கும்போதுதான் இவளுக்கு உறைத்தது. துணியைச் சக்கரக் கூடையோடு சேர்த்து நிறுப்பது கடை வழக்கம். கூடையின் எடையைத் தராசே கழித்துக்கொள்ளும்படி அவர் என்றோ அமைத்து வைத்திருந்தார்.

“ஐயோ, நம்ம எல்லார் எடையிலயும் ஒரு கூடை குறையுதுங்க!”

சரியான எடையைச் சொன்னதும் சாயங்காலமே பதில் வந்தது. ஆறு பேரும் ஒரே விமானத்தில் போக முடியாது. நாலு பேர் முதலில் போகலாம். மற்ற இருவர் விமானம் கிளம்பும் ஊரிலேயே ஓர் ஆற்றோர விடுதியில் ஒரு நாள் தங்கி, அடுத்த விமானத்தில் வர வேண்டும். யார் அந்த இருவர் என்று உடனே சொல்ல வேண்டும்.

“எல்லாம் உங்க தொப்பை செஞ்ச வேலை” என்றாள் நாத்தனார்.

“என் தொப்பை மட்டுமா ஏறுது? நீ என்ன காகிதத்துல செஞ்ச பொம்மையா?”

கணவர் சமாதானப்படுத்தினார். “விடுங்க மாமா. நீங்களும் நானும் பின்னாடி வருவோம். பொம்பளைங்க நாலு பேரும் முதல்ல போகட்டும். இவ அக்காகூட இருந்தா எனக்குக் கவலையே இல்ல.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் போனை எடுத்து எழுதத் தொடங்கினார். இவள் மடித்துக்கொண்டிருந்த படுக்கை விரிப்பு பாதியில் நின்றது. இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அடுத்த பயணத்துக்கு, இனிமேல் வரப்போகும் மருமகனும் அவன் வீட்டாரும் சேர்ந்துகொள்வார்கள்.

“அனுப்பாதீங்க” என்றாள். குரல் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. “அண்ணி, நீங்க நாலு பேரும் முன்னாடி போங்க. நாங்க பின்னாடி வர்றோம்.”

அவர் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. “நாமளா?” என்றார். காதுமடல் லேசாகச் சிவந்தது.

நாத்தனார் பதறினாள். “நீ எதுக்கும்மா ஒரு நாள் காட்டை விடணும்? ஆசைப்பட்டதே நீதானே! நான் வேணா இவன்கூட இருக்கேன்.”

நல்ல மனசு மறுபடியும் நடுவில் வந்து உட்காரப் பார்த்தது. இவள் விரிப்பை மேஜையில் வைத்தாள். கணவரின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னாள்.

“எனக்கு என் புருஷனோட தனியா ஒரு நாள் இருக்கணும், அண்ணி. கூட வேற யாரும் வேணாம்.”