நூற்றைம்பது டிகிரி

சூட்டிங் துணி வியாபாரத்தில் நாற்பது வருடம் கழித்த ஓஸ்வால்டுக்கு, பேரத்துக்குப் படியாத பொருளும் உலகத்தில் உண்டு என்பது காக்ஸ் டவுன் பிசியோதெரபி கிளினிக்கில்தான் தெரியவந்தது. அந்தப் பொருள் அவருடைய சொந்த இடது தோள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிற தோள் இறுக்கம் என்றாள் வைஷ்ணவி. வேலூரிலிருந்து வந்து அங்கே வேலை பார்க்கிற பெண். மூலையில் தொங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைத் தொட்டுத் தொட்டு விளக்கினாள். முழங்கையும் முழங்காலும் கதவுக் கீல் மாதிரி, ஒரே வாக்கில் மடங்கி நிமிரும். கழுத்து உச்சியில் இருப்பது முளை மூட்டு, தலை அதில்தான் இப்படியும் அப்படியும் திரும்புகிறது. தோளோ பந்தும் கிண்ணமும். கிண்ணத்துக்கு ஆழம் கிடையாது, அதனாலேயே உடம்பில் அதைப்போல எல்லாப் பக்கமும் சுழல்கிற மூட்டு வேறில்லை. அதைச் சுற்றியிருக்கும் பை சுருங்கிவிட்டால் பந்து எங்கே போய்ச் சுழலும்? நனைத்து உலர்த்தாமல் தைத்த துணி முதல் சலவையில் என்ன கதியாகும் என்று ஓஸ்வால்டுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு உயரம் கை போக வேண்டும் என்று கேட்டாள்.

"நூத்தம்பது டிகிரி மா. ஆறு வாரத்துல."

தலை வாரவும் சட்டை மாட்டவும் அதில் முக்கால்வாசி போதும், இறுக்கம் விடவே வருஷக்கணக்காகும், அப்படி என்ன அவசரம் என்றாள். ஒரு கல்யாணம் என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் பக்கத்துத் தெரு டீனாவுக்கு. அதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கப்போகும் அவளுடைய பெரியம்மா பியாட்ரிஸுக்காகத்தான் இந்த நூற்றைம்பது. அவர்கள் சபையில் கேக் வெட்டியதும் பேண்டு வாசிக்கும், பெரியவர்கள்தான் முதலில் ஜோடி ஜோடியாக ஜைவ் நடனம் ஆட இறங்குவார்கள். ஆண் இடது கையைத் தூக்க, பெண் அதற்கடியில் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். கை ஏறாதவன் நாற்காலியில் உட்கார்ந்து தாளம் தட்டலாம். பியாட்ரிஸ் ஓஸ்வால்டைவிட இரண்டு விரற்கடை உயரம், அதற்கு மேல் குதிகால் செருப்பு வேறு.

இருபத்திரண்டு வயதில், இந்தக் கல்யாணம் நடக்கப்போகும் அதே ஹாலில் அவளை அப்படிச் சுற்றியவர்தான். அவள் அப்பாவுக்கும் சம்மதம், அவளுக்கும். ஆசைப்படுகிறோம் என்று முகத்தில் காட்டினால் விலை ஏறும் என்பது ஓஸ்வால்ட் கடையில் படித்த பாடம். அதனால் பிடி கொடுக்காமல் இருந்தார். கடை ஒரு நிலைக்கு வரட்டும், பார்க்கலாம் என்றார். மூன்றாம் மாதம் ரயில்வே வீட்டுப் பையன் ஒருவன் நேரே வந்து, வேண்டும் என்று கேட்டு, கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய்விட்டான். அவன் இறந்து இப்போது மூன்று வருடம். ஓஸ்வால்டுக்கு வேறு சம்பந்தங்கள் வந்தன. பார்க்கலாம் என்று சொல்லியே எல்லாவற்றையும் தட்டிக் கழித்தார்.

வாரம் மூன்று நாள் கிளினிக்குக்குப் போனார். சுவரில் விரல்களை ஊர்ந்து ஏற்றினார், கப்பிக் கயிற்றை இழுத்தார். வைஷ்ணவி கோணமானியை வைத்து அளந்தாள். முதல் வாரம் தொண்ணூறு, மூன்றாம் வாரம் நூற்றிருபத்தைந்து, நான்காம் வாரம் நூற்று முப்பத்தைந்து. ஓஸ்வால்ட் ஆஸ்டின் டவுன் தையல்காரரிடம் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

ஐந்தாம் வாரம் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, இடுப்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அளந்தாள்.

"அங்கிள், நீங்க தோள தூக்கல. இடுப்ப சாச்சி, முதுக வளைச்சி கைய மேல காட்டியிருக்கீங்க. இது நூத்திப்பத்துதான்."

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணி நூத்தி முப்பதுன்னு போட்டுக்கோயேன்."

"போட்டா கை ஏறிடுமா?"

ஏறாது. முழக்கோலில் துணியை இழுத்துப் பிடித்து அளந்தால் வாங்குகிறவன் தலையில் விடியும். இங்கே வாங்குகிறவரும் அவரே. நோகாத இடத்தை வளைத்து, நோகிற இடத்தை மூன்று வாரம் சும்மா விட்டுவிட்டார். மிச்சமிருந்த நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒழுங்காகச் செய்தும் ஐந்து டிகிரிதான் கூடியது.

சனிக்கிழமை மாலை ஹாலில் கேக் வெட்டினார்கள், பேண்டு ஆரம்பித்தது. புதுக் கோட்டோடு ஓஸ்வால்ட் தூணோரமாக ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துகொண்டார். நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, அதே உயரத்தோடு, பியாட்ரிஸ் நேரே அவரிடம் வந்தாள்.

"இன்னா ஓஸி, நான் வந்து கூப்ட்டாதான் எந்திரிப்பியா?"

முட்டி வலி என்று சொல்லலாம், மூச்சு வாங்குகிறது என்று சொல்லலாம். அவர் வாயில் உண்மை வந்தது. "இடது தோளு போச்சி பியாட்ரிஸ். உன்ன சுத்தி வுட கை ஏறாது. ஆறு வாரமா தூக்கிப் பார்த்துட்டேன்."

"எதுக்கு?"

"இதுக்குத்தான்."

அவள் அவர் கையைப் பிடித்து எழுப்பி, நடுவே கூட்டிப் போய், தன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். அது ஒரு தடையுமில்லாமல் ஏறியது.

"எனக்கு ஏறுது. உனக்கு முட்டி மடங்குமில்ல? நீ பூந்து வா."

மேசைகளில் சிரித்தார்கள். ஓஸ்வால்ட் முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்து, அவள் கைக்கடியில் நுழைந்தார். பவுடர் வாசம், கிலுகிலுக்கும் வளையல், மேலே அவள் கை. அங்கே கால் தானாக நின்றுவிட்டது.

"அங்கயே நின்னுட்டா எப்டி, ஓஸி?"

பாட்டு முடிந்ததும், எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றாள்.

"போவாத. இன்னும் கொஞ்ச நாள் இரு." முகத்தை மறைக்க அவர் எதுவும் செய்யவில்லை.

அவள் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத அன்னிக்கி சொல்லியிருக்கலாமே," என்றாள். கோபமில்லை. டிக்கெட் மகள் எடுத்தது, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கிறது என்றெல்லாம் மெதுவாகச் சொன்னாள்.

பேண்டு அடுத்ததை எடுத்தது. மெதுவான பாட்டு, யாரும் கையைத் தூக்க வேண்டியதில்லை. அவள் உட்காரப் போகாமல் அவர் இடது தோள்மேல் கை வைத்தாள், வலிக்கிறதா என்று கேட்டாள். வலித்தது. இல்லை என்றார். அவள் பார்வை அவரைத் தாண்டி வாசலில் இருந்தது, மகள் காரோடு வந்துவிட்டாளா என்று. ஓஸ்வால்ட் தாளத்தைவிட இன்னும் கொஞ்சம் மெதுவாகக் காலெடுத்து வைத்தார்.