தொட்டியில் மிதந்த கல்

தையல்காரிக்கு மாடியில் ஒரு கூடம் வேண்டும். வாடகைக் கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். தையல் மெஷின்களைத் தலையிலா வைத்துக்கொள்வாள்? மாடி, அடுத்த தெருவிலிருக்கும் அண்ணன் வீட்டு மாடி. பழைய அஸ்திவாரம் செங்கல் பாரம் தாங்காது, உள்ளே காற்று அடைத்த லைட்வெயிட் பிளாக் என்றால் தாங்கும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அண்ணன் தலையாட்டினால் போதும். ஆனால் பஸ் ஓட்டும் அந்த மனிதனுக்கு டிப்போவில் வைத்த பெயரே ‘சந்தேகம்’. வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்க்கிற ஜாதி.

மாதிரிக்கு வந்த கல்லைச் சந்தேகம் தட்டினான், முகர்ந்தான், நக்காத குறை. பிறகு பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். அது ஜம்மென்று மிதந்தது.

“இது வீடு கட்டவா, படகு விடவா?”

அங்கேயே ஊறட்டும், கரைந்தால் மாடிப் பேச்சே கூடாது என்றான். சுவரைத் தொட்டிக்குள்ளா கட்டப்போகிறோம், மேலே பூச்சு வருமே என்று அவள் வாதாடியது எடுபடவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டாள். வந்து வந்து தொட்டியை எட்டிப் பார்ப்பாள். கல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, ஒருநாள் அடியில் போய் உட்கார்ந்தது. சந்தேகம் அதை இரண்டு கையாலும் தம் பிடித்துத் தூக்கி வெயிலில் வைத்தான். ஒரு மூலை மட்டும் லேசாக உதிர்ந்திருந்தது. தண்ணீர் குடித்திருக்கிறது, காயட்டும் என்று முணுமுணுத்தான்.

சில நாள் கழித்துப் பார்த்தால் கல்லைக் காணோம். தூளாகிப்போய்க் குப்பையில் கொட்டியிருப்பான், சொல்ல மனசு வராமல் மறைக்கிறான் என்று முடிவுகட்டி, தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் நேரே அண்ணன் வீட்டுப் பின்பக்கம் போனாள்.

குழாயடியில் சந்தேகம் குளித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெருத்த உடம்பு முழுவதையும் தாங்கிக்கொண்டு அடியில் இருந்தது அவள் கல்.

“என் கல்ல குடுண்ணே.”

சோப்பு நுரையோடு நிமிர்ந்தான்.

“இத தர மாட்டேன். குளிக்க உக்கார எவ்வளவு வசதியா இருக்கு. மாடிக்கு நீ வேற வாங்கிக்க.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், கண்ணெரிச்சலில் செம்பைத் தடவித் தேடிக்கொண்டிருந்தவனை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு மாடிப்படி ஏறினாள்.