கயிறு அவிழ்த்த ஆண்டவர்

என் அண்ணன் செபநாயகம் நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கிறானாம். புயலிலிருந்து ஆண்டவர் அவனைக் காப்பாற்றியதற்கு. அதே புயலில்தான் என் கணவர் ஜஸ்ரின் செத்தார். நான் கோயிலில் முன்வாங்கில் வந்து இருக்க வேண்டும் என்று அழைப்பு வேறு. வெட்கங்கெட்ட குடும்பம். என்னுடைய குடும்பம்தான்.

நடந்தது இவ்வளவுதான். கடலில் ஜஸ்ரினுடைய வள்ளத்தின் இஞ்சின் நின்றுவிட்டது. அண்ணன் அதைக் கயிற்றால் தன் வள்ளத்தோடு கட்டி இழுத்து வந்தான். காற்று முறுகியது. குருநகர்க் கரைக்கு அண்ணன் மட்டும் வந்து சேர்ந்தான். "ஜஸ்ரின்ரை பக்கத்து முடிச்சு அவிண்டு போச்சு, ஸ்ரெல்லா. ஆண்டவற்றை சித்தம்" என்று தலையிலடித்து அழுதான். நானும் அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். மூன்றாம் நாள் உடல் மண்டைதீவில் ஒதுங்கியது.

செத்தவீட்டில் சுவாமியாரைக் கேட்டேன்.

"எல்லாம் வல்லவர் எண்டா அந்தக் காத்தை ஒருக்கா நிப்பாட்டியிருக்கலாமே, சுவாமி?"

"தான் படைச்ச இயற்கையின்ரை சட்டத்தை அவர் மீறுறதில்லை, மகள்."

"அப்ப அண்ணையை மட்டும் எந்தச் சட்டத்திலை கரை சேத்தவர்?"

சுவாமியார் செபமாலையைக் கையில் எடுத்துவிட்டார். நல்ல மனிதர், பாவம்.

முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்கு முடிந்த அடுத்த நாள் அண்ணன் அந்தக் கயிற்றைக் கொண்டுவந்தான். அது ஜஸ்ரின் வாங்கிய நைலோன் கயிறு. இருபத்தைந்து பாகம், கடையில் நான்தான் இரண்டு கையையும் விரித்து அளந்தேன். வளையமாகச் சுற்றி அழகாகத் தந்தான். நுனியைப் பார்த்தேன். புதிதாகக் கருகியிருந்தது. நைலோன் கயிற்றை வெட்டினால் பிரியாமலிருக்க நுனியை லைற்றரால் உருக்கிவிடுவது எங்கள் ஆட்களின் கைப்பழக்கம். நித்திரையிலும் செய்வார்கள்.

அவனுக்கு முன்னாலேயே விரித்து அளந்தேன். பத்தொன்பது பாகம். அட கடவுளே! முடிச்சு அவிழ்ந்திருந்தால் முழுக் கயிறுமல்லவா இவனிடம் இருக்க வேண்டும்? மிச்ச ஆறு பாகமும் ஜஸ்ரினுடைய வள்ளத்தோடு கடலடிக்குப் போயிருக்கிறது.

"அண்ணை, கயிறை அறுத்தனீங்களோ?"

அவன் முகம் செத்துப் போனது.

"ஓம். அறுத்தனான். அறுக்காட்டி ரெண்டு பேரும் போயிருப்பம்."

"பிறகேன் ஆண்டவரை இழுக்கிறாய்?"

"காத்தை விட்டது ஆர்? நிப்பாட்ட ஏலுமாயிருந்தும் பாத்துக்கொண்டிருந்தது ஆர்? அவர் சாகடிச்சாச் சித்தம், நான் கத்தியெடுத்தாக் கொலையோ? அவருக்கொரு ஞாயம், எனக்கொரு ஞாயமோ?"

பாழாய்ப்போனவன் கேட்டதில் ஞாயம் இருந்தது. கருகிய நுனியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அறுக்கேக்கை என்ரை மனுசன் பாத்தவரோ?"

"பாத்தவன்."

"என்னவும் சொன்னவரோ?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "'ஸ்ரெல்லாவிட்டை என்ன சொல்லப்போறாய், மச்சான்?' எண்டு கேட்டவன்."

"அப்ப கொலைகாரா, எனக்கு மட்டும் சொன்னாப் போதாது. பூசையிலை மைக்கிலை எல்லாருக்கும் சொல்லு. அவற்றை சாவுக்கு அந்த உண்மையெண்டாலும் கிடைக்கட்டும்."

அவன் எழும்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை நான் முன்வாங்கில்தான் இருந்தேன். கோயில் நிறைந்த சனம். அண்ணன் வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாய் மைக்கின் முன்னால் நின்றான். என்னை ஒருமுறை பார்த்தான். சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு மடைச்சி நான்!

"ஆண்டவருக்கு ஏலாதது ஒண்டுமில்லை, சகோதரங்களே. தன்ரை கையாலை முடிச்சை அவிட்டு என்னைக் காப்பாத்தினவர்."

துள்ளி எழும்பினேன்.

"பொய்! கத்தியாலை அறுத்தவன்! என்ரை மனுசன் பாத்துக்கொண்டிருக்க அறுத்தவன்! என்னட்டை ஒத்துக்கொண்டவன், கேளுங்கோ!"

சனம் முழுக்க என் பக்கம் திரும்பியது. அண்ணன் அவசரப்படவில்லை. கண்ணைத் துடைத்தான். மைக்கைக் கிட்ட இழுத்தான்.

"என்ரை தங்கச்சி துக்கத்திலை புத்தி பேதலிச்சுப் போனா. அவவுக்காக எல்லாரும் ஒருக்கா மன்றாடுங்கோ."

கோயில் முழுக்க எனக்காக முழந்தாளிட்டது. சுவாமியாரும்தான்.