கோணல் பல்

அப்பா இறந்த மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் வாயைத் திறந்ததுமே மகளுக்குத் தெரிந்துவிட்டது, அது அப்பா செய்த பல்செட். முன்பல் ஒன்று லேசாகக் கோணி நின்றது.

பல்செட் கேட்டு வருகிறவர்களிடம் அப்பா முதலில் பழைய போட்டோவைத்தான் கேட்பார். போட்டோவில் பல் கோணல் என்றால் செட்டிலும் கோணல்தான். "முத்து கோத்த மாதிரி எவன் வேணா செஞ்சு குடுப்பான்," என்பார். இந்தப் பிடிவாதத்துக்கு அவளே எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"கோணலா வெச்சுட்டாரேன்னு உங்கப்பாகிட்ட சண்டைக்கே போயிட்டேம்மா," என்றார் பெரியவர். "மனுஷன் அசரலையே! 'வீட்ல ஒரு தடவை சிரிச்சுட்டு வாங்க, புடிக்கலன்னா மாத்தித் தரேன்'னார். என் வீட்டுக்காரிக்கு மறதி முத்திப்போயி, எனக்குப் பல்லு போனதுலேருந்து என்னை யாரோ மாதிரிதான் பாத்துட்டிருந்தா. அன்னிக்கு வாசல்ல நின்னு சிரிச்சேன். 'இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?'ன்னு கேட்டா."