ஹார்ட் மெஷின்

"மலருக்கு ஹார்ட்டுக்கு மெஷின் வைச்சிருக்கு, அதையும் எழுதுங்கோ," என்று வரதராசா பிரேதத்தைப் பொறுப்பெடுத்த மலர்ச்சாலைக்காரரிடம் சொன்னபோது, திரைக்குப் பின்னால் பத்மாவதி இறந்துபோன அக்கா நேசமலரின் ரவிக்கைக்கு இரண்டாவது கொக்கியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. வரதராசா அத்தானுடைய தமையன்.

மலர்ச்சாலைக்காரர் சிங்களவர், வெள்ளவத்தைச் சனத்தோடு பழகித் தமிழ் நன்றாக வரும். "அப்ப வெட்டி எடுக்கணும். சூட்டுக்கு பற்றரி வெடிக்கும்."

"ஐயோ!" சரோஜினிதேவி எழும்பிவிட்டார். "இப்பத்தைய சண்டை நிலைமையில சுடலையில ஒரு சத்தம் கேட்டால் குண்டெண்டு நிண்ட எங்கள் எல்லாரையும் பொலிஸ் ஏத்திப்போடும். கெதியா எடுக்கச் சொல்லுங்கோ அண்ணை."

அவருடைய மகனுக்குத்தான் நேசமலரின் மகளைப் பேசியிருந்தது.

அந்த மெஷின் கதையைக் கட்டியவளே பத்மாவதிதான். அக்காவுக்கு வந்தது கர்ப்பப்பைப் புற்றுநோய். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று சம்பந்தி வீட்டார் பின்வாங்கிவிடுவார்களே என்ற பயம். கையில் நரம்பு அகப்படாமல் போக, டொக்டர் காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் சின்னக் குமிழ் ஒன்றை வைத்துத் தைத்து, அதன் வழியாக மருந்து ஏற்றினார். புடைப்பைக் கண்டு கேட்டவர்களுக்கெல்லாம், வரதராசாவுக்கும்கூட, அக்காவும் அவளும் ஹார்ட் மெஷின் என்றார்கள்.

முந்தாநாள் பின்னேரம் அக்கா கேட்டது இரண்டே இரண்டு.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை பத்மா. இனி என்னை வெட்ட விடாதை."

வெளியே தட்டில் கத்தி வைக்கும் சத்தம் கேட்டது.

பத்மாவதி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். சரோஜினிதேவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம், சிங்களம் விளங்காது.

"பற்றரி நே, மஹத்தயா."

பற்றரி இல்லை, அது மருந்து ஏற்ற வைத்த வாசல் மட்டும்தான் என்பதையும், வியாதியின் பெயரையும் சிங்களத்திலேயே மளமளவென்று சொன்னாள். எந்த இடத்தில் என்று மலர்ச்சாலைக்காரர் கேட்டார். கர்ப்பப்பைக்கு இரண்டு பாஷையிலும் கிட்டத்தட்ட ஒரே சொல்; வாயால் சொன்னால் சரோஜினிதேவிக்கு விளங்கிவிடும். சேலைத் தலைப்பால் மறைத்துத் தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் கத்தியை எடுத்து உள்ளே வைத்தார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வரதராசா முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் சிங்களத்தில் கோப்பு எழுதியவர்.

"என்னவாம் அண்ணை?" சரோஜினிதேவி கேட்டார்.

வரதராசா கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்தார். ஒரு கண்ணாடிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"புது மாடல் மெஷினாம். வெட்டத் தேவையில்லையாம்."

"வெடிக்காதோ?"

"வெடிக்காது. நீங்கள் இருங்கோ."

பத்மாவதி உள்ளே போய் மூன்றாவது கொக்கியைப் பிடித்தாள். வெளியே நாற்காலியொன்று இழுபட்டது. திரையின் கீழ் இடைவெளியில் வரதராசாவின் செருப்பு இரண்டும் வாசலை அடைத்தபடி தெரிந்தன.